ஊர்ச் சாக்கடையும் ஓட்டல் அடுக்களையும்

நம் தொழில் மொழிபெயர்ப்பு. டில்லியில் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில், ஆங்கிலத்தில் வரும் சட்டங்களையும் விதிகளையும் சுற்றறிக்கைகளையும் தமிழாக்குவது அன்றாடக் கடமை. இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சில சமயம் ஒரு சொல் அடங்க மறுக்கும். அகராதிகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அச்சொல்லின் பொருள் தெருவிலே நின்றுகொண்டிருக்கும்.

1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நீர் மாசு தடுப்புச் சட்டத்தைப் பற்றிய குறிப்பு ஒன்று ஒருநாள் நம் மேஜைக்கு வந்தது. கழிவுநீரை அச்சட்டம் இரண்டு இனமாகப் பிரிக்கிறது. மனிதர் வசிக்கும் வீடுகளின் கழிவு ஒன்று. தொழில் நடக்கும் இடங்களின் கழிவு மற்றொன்று. முன்னதை ‘இல்லக் கழிவுநீர்’ என்றும், பின்னதைத் ‘தொழிற்கழிவு’ என்றும் எழுதி முடித்துவிட்டு, காப்பி அருந்தக் கீழே இறங்கினோம். அருகிலிருந்த சிற்றுண்டிச் சாலையின் பின்புறச் சந்தில் பணியாளர் ஒருவர் அண்டாவைக் கழுவி, எண்ணெயும் பருப்பும் கலந்த நீரைச் சாக்கடைத் துவாரத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இது எந்த இனம்? அரிசியும் பருப்பும் எண்ணெயும் வீட்டில் உள்ளவையே. ஆனால் எந்த வீட்டில் நாளொன்றுக்கு ஆயிரம் வடை சுடுகிறார்கள்?

சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து நோக்கினால் ஐயத்துக்கு இடமில்லை. எந்தத் தொழிலோ, எந்தச் செய்முறையோ நடைபெறும் இடத்திலிருந்து வெளியேறும், இல்லக் கழிவு அல்லாத எதுவும் தொழிற்கழிவே ஆகும். ஆயினும் ஊரார் மனத்தில், ஏன், ஓட்டல் நடத்துகிறவர்கள் மனத்திலும், ஆலை வேறு, அடுக்களை வேறு. ஒரு நகரம் தன் சாக்கடையைக் காப்பாற்றிக்கொள்வதில் படும் கஷ்டத்தில் பாதி இந்த எண்ணத்தால் விளைவது என்பது நம் அபிப்பிராயம்.

பாதாளச் சாக்கடை என்பது எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் பள்ளமன்று. சரிவாகப் பதித்த குழாய்களில் நீர் தானே ஓடி, தன் அடியில் தங்கும் மண்ணையும் மலத்தையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு விநாடிக்குச் சுமார் 60 செண்டிமீட்டர் வேகமாவது தேவை. வேகம் குறைந்தால் வண்டல் தங்கும். வண்டல் தங்கினால் வேகம் மேலும் குறையும். இந்த ஏற்பாட்டுக்கு ஓட்டல் எண்ணெயைப் போன்ற சத்துரு வேறில்லை. கொதிக்கும் நீரோடு போகும்போது அது தண்ணீராகவே தோன்றும். சிறிது தூரம் சென்று ஆறியதும் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டிலிருந்து வடக்கே வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஆண்டில் பெரும்பாலும் இளகியே இருந்த தேங்காய் எண்ணெய், இங்கே மார்கழியில் புட்டிக்குள் கல்லாய் உறைந்து, வெந்நீரில் வைத்தாலொழிய வெளிவராமல் அடம் பிடிப்பதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம்.

உறைவதோடும் நின்றுவிடுவதில்லை. எண்ணெய் சிதைந்து உண்டாகும் அமிலங்கள், நீரிலும் சிமெண்டிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, ஒருவகைச் சவுக்காரமாக மாறுகின்றன. அதன்பின் வெந்நீர் விட்டாலும் அது கரையாது. லண்டன் நகரில் வைட்சேப்பல் பகுதியின் சாக்கடையில் 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தகைய கட்டி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் 250 மீட்டர்; எடை 130 டன். அதை வெட்டி அகற்றப் பல வாரங்கள் பிடித்தன. அதிலிருந்து ஒரு துண்டை மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் பார்வைக்கே வைத்துவிட்டார்கள்!

லண்டனுக்குப் போவானேன்? நாம் குடியிருக்கும் காலனியில் தமிழர் சங்கம் ஒன்று உண்டு. அதன் அடுக்களையில் ஞாயிறுதோறும் சிற்றுண்டியும், விழா நாட்களில் விருந்தும் நடப்பது வழக்கம். 2023ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுமார் அறுநூறு பேர் உண்டார்கள். அன்று இரவு, சங்கத்தை அடுத்த கட்டடத்தின் தரைத் தளத்தில் வசிக்கும் பஞ்சாபிக் குடும்பத்தாரின் குளியலறையில் சாக்கடை நீர் பொங்கிற்று. நம் வீட்டுப் பானையில் பொங்கியதற்கு மகிழ்ந்துவிட்டு, அவர்கள் வீட்டில் பொங்கியதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் சங்கத்தார் யாவரும் நின்றோம். இலை போடுவதையும் காப்பிச் சக்கையைக் கொட்டுவதையும் கண்டு ஏற்கெனவே மனம் நொந்திருந்த அந்த வீட்டுப் பெரியவர், பேச்சு எதுவும் வளர்க்காமல் நகரத்தாருக்குத் தொலைபேசி செய்தார்.

மறுநாள் காலை, கடுங்குளிரில், இருவர் வந்தனர். அவர்கள் கையில் நீளமான மூங்கில் பிளாச்சுகள் இருந்தன. இரும்பு மூடியைத் தூக்கி, பிளாச்சை உள்ளே விட்டு அரைமணி நேரம் குத்திப் பார்த்தனர். அடைப்பு அசையவில்லை. அவர்களில் இளையவர் சட்டையைக் கழற்றி மூடியின்மேல் மடித்து வைத்தார். அவர் இறங்கப் போகிறார் என்பது அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. பஞ்சாபிப் பெரியவரே குறுக்கே வந்து அவர் கையைப் பற்றினார். “யந்திரம் வரும் வரையில் என் வீட்டில் நாற்றம் இருந்தால் இருக்கட்டும்” என்றார். யந்திர வண்டி பிற்பகலில் வந்தது. அது பீச்சிய நீர் வெளியே தள்ளியவை வெண்மையான கட்டிகள். சவுக்காரம் போலவே இருந்தன. அவற்றில் காப்பிச் சக்கை பதிந்திருந்தது. வாழையிலை நரம்பும் கறிவேப்பிலைக் காம்பும் இருந்தன. அது எந்த அடுக்களையிலிருந்து வந்தது என்று எந்த நிபுணரும் வந்து சொல்ல வேண்டிய நிலையில் இல்லை. இளையவர் சட்டையை மீண்டும் அணிந்துகொண்டே, “இது உங்கள் எண்ணெய்தானே, பாபுஜி?” என்று இந்தியில் கேட்டார். கேள்வியில் கோபம் ஒன்றும் இல்லை. பதில் சொல்ல நமக்கு இந்தி தெரியாமற் போனதும் இல்லை.

அவர் இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். ஓட்டம் நின்ற சாக்கடையில் பிராணவாயு தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு அங்கே வளரும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயுவை உண்டாக்கும். காற்றைவிடக் கனமானதாகையால் அது குழியின் அடியிலே தேங்கும். சிறிதளவு இருக்கும்பொழுது அழுகிய முட்டையின் வாடை வீசும். அளவு மிகுந்தாலோ மோப்ப நரம்பு மரத்துப்போய், வாடையே தெரியாது. நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுகிறவர் உண்மையில் மிகுந்த அபாயத்துக்குள் இறங்குகிறார். மேலும் மிகுந்தால் ஓரிரு மூச்சிலேயே உணர்விழப்பார். விழுந்தவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார்; அவரைத் தூக்க மூன்றாமவர். செய்தித்தாள்களில் இத்தகைய மரணங்கள் பெரும்பாலும் இருவர், மூவர் என்றே வருவதற்குக் காரணம் இதுதான்.

பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. 1993 முதல் சாக்கடையில் மாண்டவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் அளிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014இல் கட்டளையிட்டது; 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தடையும் உண்டு, தொகையும் உண்டு. இருந்தும் அந்தக் குளிர்காலக் காலையில் ஒருவர் சட்டையைக் கழற்றி வைத்தார்.

இனி ஆலைகளின் பக்கம் வருவோம். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் எத்தனையோ டில்லி வஸீர்பூர் தொழிற்பேட்டையின் தகடுகளிலிருந்து உருவானவை. சூட்டில் உருட்டிய எஃகுத் தகட்டின் மேல் படியும் கருமையைப் போக்க, அதை அமிலத்தில் முக்கி எடுத்து நீரில் அலசுவார்கள். அந்த அலசு நீரில் அமிலமும், கரைந்த இரும்பும், குரோமியமும், நிக்கலும் கலந்திருக்கும். அது நேரே சாக்கடைக்குப் போனால் சிமெண்டுக் குழாயை அரிக்கும். குழாயில் ஏற்கெனவே சல்பைடு தேங்கியிருந்தால், அமிலம் பட்டதும் அது விஷ வாயுவாகக் கிளம்பும். முலாம் பூசும் பட்டறையின் ஸயனைடு நீரோடு அமிலம் சேர்ந்தால் எழும் வாயுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தனித்தனியே போகும்போது அடக்கமாயிருக்கும் கழிவுகள், நிலத்தடியில் ஒன்றையொன்று சந்திக்கும்போது கொலைகாரர்களாகின்றன.

எல்லாவற்றையும் கடைசியில் உள்ள சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். அந்த நிலையத்தில் வேலை செய்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். மலத்தையும் மாவையும் அவை உண்டு தீர்க்கும். குரோமியத்தை அவற்றால் தீர்க்க முடியாது. அமிலம் வந்தால் அவையே செத்துப்போகும். ஓர் ஆலை ஓர் இரவில் திறந்துவிடும் நீர், நிலையத்தின் வேலையைப் பல நாட்களுக்குக் கெடுத்துவிட வல்லது.

கான்பூரின் கதை இதற்குச் சான்று. அந்நகரில் ஜாஜ்மவ் என்ற பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கங்கைக் கரையிலேயே அமைந்தவை. 1987 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றைப் பற்றி ஒரு தீர்ப்பு அளித்தது. குறைந்தபட்சக் கூலி கொடுக்க இயலாத தொழிலை நடத்த விடலாகாது. அதே போல, தன் கழிவை முதற்கட்டமாகவேனும் சுத்தம் செய்ய இயலாத தொழிற்சாலையையும் நடத்த விடலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. பின்னர் நாளொன்றுக்கு 3 கோடியே 60 லட்சம் லிட்டர் கழிவைத் தாங்கும் நிலையம் ஒன்று அங்கே எழுந்தது. அதில் 90 லட்சம் லிட்டர் தோல் ஆலைகளின் பங்கு. மீதி ஊரின் பங்கு. குரோமியத்தை ஆலைகள் தம் வாசலிலேயே பிரித்தெடுக்க வேண்டுமென்பது ஏற்பாடு. எல்லா ஆலைகளும் அப்படிச் செய்யவில்லை. நிலையத்தைக் கடந்தும் குரோமியம் போயிற்று. அந்த நீரைப் பாய்ச்சிய வயல்களின் மண்ணிலும் சேர்ந்தது. பாலாற்றங்கரையில் நம்மவர்களின் தோல் தொழிலைப் பற்றி 1996இல் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயத்தை இந்நாட்டுச் சட்டமாகவே நிலைநாட்டியது.

ஆகவே நகரம் காவல் வைக்க வேண்டிய இடம் குழாயின் முடிவன்று, தொடக்கம். மாசு உண்டாக்கும் ஆலைகள் கழிவை வெளியேற்ற முன்கூட்டியே வாரியத்தின் இசைவைப் பெறவேண்டும். பொதுச் சாக்கடையில் விடும் நீருக்கு அளவுகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. அமிலமும் காரமும் 5.5 முதல் 9 வரையுள்ள எண்ணுக்குள் அடங்க வேண்டும். ஒரு லிட்டரில் எண்ணெயும் கொழுப்பும் 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. குரோமியம் 2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இருபது மில்லிகிராம் என்றால் எவ்வளவு? ஆயிரம் லிட்டர் தண்ணீரில் நான்கைந்து தேக்கரண்டி எண்ணெய். நம் சங்கத்தின் ஒரு வடைச் சட்டியைக் கழுவிய நீர் இந்த அளவுகோலின் முன் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அழுகும் பொருளின் அளவை, அதைச் செரிக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் பிராணவாயுவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஆற்றில் விடும் நீரானால் இது லிட்டருக்கு 30 மில்லிகிராம். சாக்கடையில் விடும் நீரானால் 350. ஏன் இந்தச் சலுகை? அப்பால் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்ற நம்பிக்கையால்தான். இதை விதியே ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறது: நுண்ணுயிர் முறையில் சுத்தம் செய்யும் நிலையத்துக்குப் போகும் சாக்கடைக்கு மட்டுமே இந்த அளவு, அப்படிப் போகாவிட்டால் ஆற்றில் விடுவதாகவே கருதப்படும். மொழிபெயர்க்கும்போது இந்த அடிக்குறிப்பை நாம் சிறு விஷயமென்று கடந்து போயிருந்தோம். டில்லியிலோ பல பகுதிகளின் கழிவு நிலையத்தைக் காணாமலே திறந்த கால்வாய்களில் விழுந்து நஜஃப்கட் கால்வாய் வழியாக யமுனைக்குப் போகிறது. 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனையில் வஸீராபாதுக்கும் ஓக்லாவுக்கும் இடைப்பட்ட 22 கிலோமீட்டர்தான் ஆற்றின் மாசில் பெரும்பங்கைச் சுமக்கிறது. அந்த அடிக்குறிப்பை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்தால் எத்தனை அடுக்களைகள் தேறும்?

சிறு பட்டறைகள் ஒவ்வொன்றும் தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியற்றவை. ஆகையால் உச்ச நீதிமன்றத்தின் கட்டளைப்படி டில்லியின் தொழிற்பேட்டைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. வஸீர்பூர், மாயாபுரி, ஓக்லா முதலிய இடங்களில் உள்ளவை உட்பட அவை பதின்மூன்று. சுண்ணாம்பைச் சேர்த்து அமிலத்தை முறித்தால், கரைந்திருந்த உலோகங்கள் சேறாகப் படியும். குரோமியத்தின் கொடிய வகையை முதலில் சாதுவான வகையாக மாற்றிக்கொண்ட பிறகே இது பலிக்கும். படிந்த சேறும் விஷமே. அதைப் பத்திரமாகப் புதைப்பது தனிப் பிரச்சினை.

அளவை மீறுகிறவரைப் பிடிப்பது எப்படி? இதிலே சட்டத்தின் ஒரு நுட்பம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. அதிகாரி மாதிரி நீரை எடுக்கும்போது, ஆலைக்காரர் முன்னிலையில் அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு புட்டிகளுக்கும் முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். பிறகு ‘அது எங்கள் நீரன்று’ என்று சொல்ல வழியில்லை. குற்றம் உறுதியானால் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும், ஆலையையே மூடவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதிகாரி பகலில் வருகிறார். மடை இரவில் திறக்கிறது. வேலிக்கு வெளியே, யாரும் எந்நேரமும் திறந்து பார்க்கக்கூடிய சோதனைக் குழி ஒன்று இருந்தாலன்றி இந்தப் புட்டிகளால் பெரும் பயனில்லை.

ஓட்டல் விஷயத்தில் தொல்லை வேறு. ஆலைகள் ஒரு பேட்டையில் கூடியிருக்கின்றன. ஓட்டல்களோ தெருவுக்குத் தெரு. கரோல்பாகிலும் மாதுங்காவிலும் நம்மவர்கள் நடத்தும் சிறு மெஸ்களுக்குக் கணக்கில்லை. மாவரைக்கும் யந்திரம் கழுவிய நீர், அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி இவற்றில் விஷம் ஒன்றும் இல்லை; ஆனால் முன் சொன்ன பிராணவாயுக் கணக்கில் இவை ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். வீட்டில் கஞ்சி மாட்டுக்குப் போயிற்று. நகரத்தில் மாடு எங்கே?

இதற்குப் பரிகாரம் மிக எளியது. கழுவுமிடத்துக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே, தடுப்புச் சுவர்கள் வைத்த ஒரு தொட்டி. நீர் அதில் நின்று ஆறும். எண்ணெய் மேலே மிதக்கும். பருக்கையும் சக்கையும் அடியில் தங்கும். நடுவிலுள்ள நீர் மட்டும் தடுப்புக்குக் கீழே புகுந்து வெளியேறும். கால் பங்கு நிரம்பியதும் ஏட்டை வாரிவிட வேண்டும். வாராத தொட்டி தொட்டியே அன்று. எண்ணெயைத் தெருவுக்கு அனுப்பும் இன்னொரு குழாய். கொதிநீரும் சோப்பும் மிகுதியாக ஊற்றினால் எண்ணெய் கரைந்து தப்பிவிடும். அள்ளிய ஏட்டை அடுத்த தெருவின் சாக்கடையில் கொட்டுகிறவர்களும் உண்டு! பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டிக்கே அனுப்பாமல் தனியே டின்னில் சேர்த்து வைப்பதே சரி. அத்தகைய எண்ணெயைத் திரட்டி டீஸலுக்கு மாற்றான எரிபொருளாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கேடான பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்கு உபயோகிக்கலாகாது என்ற விதியும் அவ்வாண்டு ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது.

நம் சங்கத்தின் செயற்குழுவில் தொட்டி கட்டுவதைப் பற்றி இரண்டு மாதம் விவாதம் நடந்தது. ‘நாம் என்ன ஆலையா நடத்துகிறோம்?’ என்று கேட்டவர் நம் நண்பர். சைவ உணவில் என்ன கொழுப்பு என்று கேட்டவர் பொருளாளர். அந்த இளைஞரின் மடித்து வைத்த சட்டையை நேரில் கண்ட நால்வர் மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. முடிவில் அடுக்களையின் பின்புறம் மூன்று அறைகள் கொண்ட தொட்டி ஒன்று கட்டப்பட்டது. இலைகளும் சக்கையும் தனிக் கூடைக்குப் போகின்றன. எண்ணெய் டின்னை ஒருவர் மாதம் ஒருமுறை வந்து எடை போட்டு, ரசீது கொடுத்து எடுத்துச் செல்கிறார். சனிக்கிழமைதோறும் செயற்குழுவில் ஒருவர் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு ஏட்டின் கனத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். நம் முறை மாதத்தில் முதல் சனிக்கிழமை. குளிர்காலத்தில் ஏடு விரைவாகக் கட்டுவதால் வாரத்துக்கு இருமுறை அள்ளுகிறோம். பொங்கல் விருந்துக்கு இந்தத் தொட்டி போதாது. இரண்டாவது தொட்டி ஒன்று கட்டுவதா, அல்லது வடையை நிறுத்துவதா என்பது அடுத்த கூட்டத்தின் விஷயம்.